விடுமுறையும் நியமமும்



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து பள்ளிகள் மூடப்பட்டவுடன் நம் ஊர்களின் தோற்றமே மாறிவிடுகின்றது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டங்களில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் நம் வீடுகள் திறக்கப்படுகின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் அவற்றுக்கு அப்பாலும் பணிபுரியும் மக்கள் தம் குழந்தைகளுடன் வந்து இறங்குகின்றனர். ஓரிரு முதியோர் மட்டுமே நின்று வணங்கிய ஜினாலயத்தில் சிறுவர் குரல் கேட்கின்றது. உற்றார் ஒன்றுகூடி உண்பதும், உறவினர் இல்லங்களுக்குச் சென்று வருவதும், வண்டி அமர்த்திக்கொண்டு வெளியூர் காண்பதும் இக்காலத்தின் இன்பங்கள். சிராவகாசாரம் இல்லறத்தானை அளவோடு வாழச் சொல்லிற்றேயன்றி, வாழ்வை வெறுத்து மூலையில் அமரச் சொல்லவில்லை. எனவே ஊர் சுற்றலாகாது, உறவோடு உண்ணலாகாது என்று கூறுவதற்காக நாம் இவ்வுரையைத் தொடங்கவில்லை. அவ்வின்பத்தைப் பழுதின்றித் துய்ப்பது எவ்வாறு என்பதே நம் முன் உள்ள வினா.

செய்த பிழையை மறைக்காமல் வாய்விட்டுக் கூறுதலை ஆலோசனை என்று நம் ஆசாரியர் போற்றுவர். அவ்வகையில் பிறர் குற்றத்தை எடுத்துரைக்காமல், எம் குடும்பத்தில் சென்ற விடுமுறையில் நிகழ்ந்த ஒன்றையே முதலில் கூறுகின்றோம்.

அண்ணன் தம்பி குடும்பங்கள் கூடிப் பதினாறு பேர் ஒரு வேனில் மாமல்லபுரம் சென்றோம். எண்பது வயதைக் கடந்த எம் அன்னையாரையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். "நான் எதற்கப்பா? நீங்கள் போய் வாருங்கள்" என்றவரை, "நீங்கள் இல்லாமல் எங்களுக்கு என்ன மகிழ்ச்சி?" என்று கூறி ஏற்றினோம். நண்பகலில் கட்டுச்சோறு உண்டோம். பின்னர்ச் சிற்பங்களைக் கண்டு, கடைத்தெருவில் நுழைந்து, கடற்கரையில் அமர்ந்தோம். மாலை ஐந்து மணி அளவில் அன்னையார், "பொழுது சாய்கிறதே" என்று ஒருமுறை கூறினார். "இதோ கிளம்பிவிடலாம் அம்மா" என்றோம். அந்த 'இதோ' ஒரு மணி நேரமாயிற்று. வழியில் நெரிசல் வேறு. நாங்கள் ஓர் உணவகத்தில் சென்று அமர்ந்தபோது இரவு எட்டே கால்.

இராவுணவை நீக்கியவர் எம் அன்னையார். உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன ஆகிய நால்வகை உணவையும் பொழுது சாய்ந்தபின் தீண்டாதவர். "எனக்குப் பசியில்லை, நீங்கள் உண்ணுங்கள்" என்றார். நாங்கள் உண்டோம். அவரவர் விரும்பியதெல்லாம் வரவழைத்தோம். உண்ண முடியாமல் மூன்றில் ஒரு பங்கு தட்டுகளில் மிஞ்சிற்று. கொடுத்த தொகை ஒரு மாத மளிகைச் செலவுக்குச் சற்றே குறைவு. அந்நீண்ட மேசையின் கோடியில், தண்ணீர்கூட அருந்தாமல், பேரக் குழந்தைகள் உண்பதைப் பார்த்துப் புன்னகைத்தவாறு அவர் அமர்ந்திருந்தார்.

ஏழு வயதுப் பேர்த்தி ஒருத்தி கேட்டாள்: "பாட்டி ஏன் சாப்பிடவில்லை?"

எவரும் உடனே விடை கூறவில்லை. பிறகு எங்களுள் ஒருவர், "பாட்டிக்கு வயிறு சரியில்லை" என்றார். அது பொய். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட குடும்பத்தில், ஒரு குழந்தையின் நேர்மையான வினாவிற்குப் பொய்யே விடையாயிற்று. "உங்கள் பாட்டி விரதம் காப்பவர், அதனைக் காக்க உதவ வேண்டிய நாங்கள் மறந்துவிட்டோம்" என்று கூற எங்களுக்கு நா எழவில்லை. இவ்வுரை அக்குழந்தைக்கு நாம் காலந்தாழ்த்திக் கூறும் விடை என்று கொள்க.

இக்கோடை விடுமுறையின் ஊடே ஆண்டுதோறும் வரும் ஒரு திருநாளை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அதுவே அட்சய திருதியை. இன்று அது பொன் வாங்கும் நாளாக விளம்பரம் செய்யப்படுகின்றது. நமக்கோ அது பொன்னின் நாளன்று, உணவின் நாள். ஆதிபகவனாகிய விருஷப தீர்த்தங்கரர் துறவு பூண்டு, ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்து, பின்னர் உணவு ஏற்பதற்காக ஊர்தோறும் நடந்தருளினார். முனிவருக்கு உணவளிக்கும் முறையை அக்காலத்து மக்கள் அறியார். ஆயினும் அவர்பால் அன்பு மிக்கவர்கள். ஆகலின் யானையைக் கொணர்ந்தனர், குதிரையைக் கொணர்ந்தனர், மணியும் பொன்னும் பட்டாடையும் கொணர்ந்து அடிபணிந்து நின்றனர். பகவான் ஒன்றையும் ஏலாது கடந்து சென்றார். இவ்வாறே மேலும் பல திங்கள் கழிந்தன. முடிவில் அத்தினபுரத்தில் அரசகுலத்தவனாகிய சிரேயாம்சன், தன் முற்பிறப்பில் முனிவர்க்கு உணவளித்த முறையை நினைவுகூர்ந்து, தூய கரும்புச்சாற்றை முறைப்படி அளித்தான். பகவான் இரு கைகளையும் குவித்து அதனை ஏற்றருளினார். அழியாப் பயன் தந்த கொடை ஆகலின் அந்நாள் அட்சய திருதியை ஆயிற்று.

இவ்வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கின்றோம். ஆயினும் நாம் ஆழ்ந்து நோக்காத ஒரு செய்தி இதில் உண்டு. யானையும் குதிரையும் கொணர்ந்தோர் கொடாதவர்கள் அல்லர், கருமிகள் அல்லர், அன்பில்லாதவரும் அல்லர். சிரேயாம்சன் கொடுத்ததைவிடப் பன்மடங்கு விலையுள்ளவற்றை அவர்கள் கொடுக்க முன்வந்தனர். எனினும் எதிரில் நிற்பவருக்கு வேண்டுவது யாது, எக்காலத்தில் வேண்டும், எம்முறையில் வேண்டும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அதனால் நாடே கொடுக்கக் காத்திருந்தும் பகவான் உண்ணாமல் நடந்தார்.

எம் அன்னையாருக்கு நாங்கள் செய்ததும் அதுவே அன்றோ? குளிரூட்டிய வண்டி கொடுத்தோம். கடல் காட்டினோம். கடைத்தெருவில் புதுச் சேலை வாங்கினோம். அனைத்தும் யானையும் குதிரையும் ஆயின. பொழுது சாயுமுன் இரண்டு இட்டலியும் ஒரு குவளை நீரும் கொடுப்பார் ஒருவரும் இலர். விடுமுறைச் செலவில் நாம் செய்யும் பிழைகளுக்கெல்லாம் வேர் இதுவே. செலவைப் பெருக்குகின்றோம், உடன் வருவோரை நோக்கத் தவறுகின்றோம்.

இதற்கு மருந்து யாது? ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்கு அருளிய குணவிரதங்கள் மூன்று: திசைகளுக்கு எல்லை வகுத்தல், பயனின்றித் தீங்கு செய்தலை விடுதல், துய்ப்பனவற்றை அளவு செய்துகொள்ளுதல். தமிழில் அருங்கலச்செப்பும் இந்நெறியையே கூறுகின்றது. ஒருமுறை துய்த்தவுடன் கழிவனவாகிய உணவு முதலியன போகம்; மீண்டும் மீண்டும் துய்க்கப்படுவனவாகிய ஆடை, அணி முதலியன உபபோகம். இவ்விரண்டிற்கும் அளவு கொள்ளும் வழியையும் ஆசாரியர் இரண்டாகப் பகுத்துக் காட்டுகின்றார். வாழ்நாள் முழுதும் கொள்வது யமம். கால எல்லையிட்டுக் கொள்வது நியமம். இன்று ஒரு பொழுது, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஆறு திங்கள் என்று நம் ஆற்றலுக்கேற்ப நியமம் கொள்ளலாம்.

பவ்யர்களே! யமம் பூணும் ஆற்றல் நம்முள் பலருக்கு இன்று இல்லாதிருக்கலாம். நகர வாழ்வும் பணி நேரமும் தடையென்று நாம் கூறுகின்றோம். ஆனால் பத்து நாள் விடுமுறையில் அத்தடைகள் ஏதும் இல்லை. நேரம் நம் கையில், வண்டி நம் ஏவலில், உறவினர் உடனிருக்கின்றனர். நியமம் கொள்வதற்கு விடுமுறையினும் ஏற்ற காலம் வேறு யாது? புறப்படுவதற்கு முன் குடும்பத்தார் அனைவரும் அருகன் திருமுன் ஒரு நாழிகை அமர்ந்து, இப்பயணத்திற்குரிய நியமங்களைக் குழந்தைகள் செவியேற்க உரைத்துக் கொள்வோமாக.

முதல் நியமம் காலத்தைப் பற்றியது. நம் பகுதியில் மே மாதத்தில் மாலை ஆறரையை ஒட்டியும், டிசம்பர் விடுமுறையில் ஐந்தே முக்கால் கடந்த சிறிது நேரத்திலும் கதிரவன் மறைகின்றான். மறைவதற்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடங்களுக்கு முன் உண்டு முடித்தல் முறை. ஆகவே கோடையில் ஐந்தரை மணிக்குள்ளும், மார்கழியில் ஐந்து மணிக்குள்ளும் மாலை உணவு முடிய வேண்டும். காணும் இடங்களைக் குறித்துவிட்டு எஞ்சிய நேரத்தில் உணவு என்று வகுத்தால் இது நிறைவேறாது. உணவு நேரத்தை முதலில் குறித்து, அதன்மேல் பயணத்தை வகுக்க வேண்டும். மின்விளக்கு உள்ள காலத்தில் இராவுணவால் என்ன கேடு என இளைஞர் வினவுவர். கோடை மழை பெய்த இரவில் விளக்கைச் சுற்றும் ஈசலை அவர்களுக்குக் காட்டுங்கள். விளக்கு சிற்றுயிர்களை விலக்குவதில்லை, அழைக்கின்றது. பெரிய விளக்கு மேலும் பலவற்றை அழைக்கின்றது.

திசைவிரதத்திற்குக் கூறப்பட்ட அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்று, கொண்ட எல்லையை மறத்தல். வேண்டுமென்றே மீறுவது மட்டும் குற்றமன்று. மறப்பதும் குற்றமே என நம் ஆசாரியர் எண்ணி வைத்தனர். மறுநாட் காலையில் நாங்கள் வருந்தி நின்றபோது எம் அன்னையார், "விடுங்கள் அப்பா, நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதானே" என்றார். எங்களைத் தேற்றுவதற்காகக் கூறிய சொல். ஆயினும் எங்கள் குற்றத்தின் பெயரும் அதுவே.

இரண்டாவது நியமம் பொருளைப் பற்றியது. இப்பயணத்திற்கு இவ்வளவு என்று முன்னரே வகுத்து எழுதிக்கொள்க. கையில் உள்ள பொருளால் செல்க. கடன் அட்டையாலும் தவணையாலும் செல்லற்க. நான்கு நாள் மகிழ்ச்சிக்குப் பன்னிரண்டு திங்கள் வட்டி கட்டுவோர் நம் சமூகத்திலும் பெருகி வருகின்றனர். இதற்குக் காரணம் பெரும்பாலும் தேவையன்று, ஒப்புநோக்கே. பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்திற்குரிய அதிசாரங்களுள் விஸ்மயம் என ஒன்றைச் சமந்தபத்திரர் வைத்தார். பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து நிற்றல் என்பது அதன் பொருள். இன்று கைப்பேசியைத் திறந்தவுடன், இன்னார் இன்ன மலைக்குச் சென்றார், இன்ன விடுதியில் தங்கினார் என்று படங்கள் வந்து குவிகின்றன. கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. 'நமக்கு இது வாய்க்கவில்லையே' என்று உள்ளம் வேகத் தொடங்கும் இடமே விஸ்மயம். எழுதிய செலவுக் கணக்கில் தானத்திற்கும் ஒரு வரி இருக்கட்டும். உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் இயன்றதொன்று போதும். நம் ஊரில் உள்ள ஏழை மாணவன் ஒருவனுக்கு அவ்வாண்டுப் பாடக் குறிப்பேடுகளை வாங்கித் தருதலும் தானமே. அத்தொகையைக் குழந்தையின் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

மூன்றாவது நியமம் இலையைப் பற்றியது. வேண்டுவதையே கேட்போம், கேட்டதை உண்போம், உண்டபின் இலையில் ஒன்றும் மிஞ்ச விடோம். மிஞ்சிய உணவின் பின்னால் நீரும் நெருப்பும், அவற்றில் அழிந்த எண்ணற்ற சிற்றுயிர்களும் உள்ளன. பயனுக்காக நேர்ந்த தீங்கையே குறைக்க முயலும் நாம், எவர் வயிற்றையும் நிரப்பாத உணவுக்காக நேர்ந்த தீங்கிற்கு என்ன விடை கூறுவோம்? அனர்த்ததண்டம் எனப்படுவது இதுவே. காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தழை கொய்தல் ஆகியவற்றோடு, வீணே சுற்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் ஆசாரியர் இவ்வினத்தில் சேர்த்துள்ளார் என்பது இக்காலத்தில் நாம் உற்று நோக்கத்தக்கது.

நான்காவது நியமம் நம் இல்லத்து அடுக்களையைப் பற்றியது. வெளியில் உண்ணாமல் வீட்டிலேயே விருந்து செய்தல் நன்றுதான். ஆனால் அவ்விருந்து எவருடைய உழைப்பால் நிகழ்கின்றது என எண்ணுதல் வேண்டும். இருபது பேர் கூடிய வீட்டில் இரு மருமகளிர் விடியலில் அடுப்பு மூட்டி, பொழுது சாயுமுன் கடைசிப் பந்தியை முடித்து, தாம் உண்ண நேரமின்றி நிற்பதை நாம் கண்டதில்லையா? இராவுணவு இல்லாத வீட்டில் கடைசியாக உண்பவரே நோன்பு கிடக்க நேர்கின்றது. எனவே விருந்தில் பதினொரு வகை வேண்டா, ஐந்து போதும். காய் அரிதலும் பரிமாறலும் இலை எடுத்தலும் ஆடவர்க்கும் சிறுவர்க்கும் உரியன ஆகட்டும். சமைத்தவர் முதற்பந்தியிலேயே அமரட்டும்.

பிற சமய நண்பர்களுடன் உண்ணும் வேளையும் விடுமுறையில் வரும். அவர்கள் அன்பினால் அழைக்கின்றனர். நம் நியமத்தை முன்னதாகவே, நாணாமலும் செருக்காமலும் தெரிவித்துவிடுதல் நன்று. 'நாங்கள் பொழுதோடு உண்பவர்கள், கிழங்கு வகை உண்பதில்லை' என்று முதல்நாளே கூறினால் எந்த நண்பரும் வருந்தார். பெரும்பாலோர் மகிழ்ந்தே ஏற்பாடு செய்வர். பந்தியில் அமர்ந்தபின் முகம் சுளித்தலே அவர்களை வருத்தும். அவர்தம் உணவைப் பழித்தல் நம் விரதத்தின் பகுதியன்று. பிறர் மனம் நோகாமை அகிம்சையின் முதற்படி.

எங்குச் செல்வது என்பதற்கும் ஒரு சொல். கடலும் மலையும் காண்போம். அவற்றோடு ஆண்டிற்கு ஒன்றாக நம் தலங்களையும் குழந்தைகளுக்குக் காட்டுவோம். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் விருஷப தீர்த்தங்கரர் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆரணி வட்டாரத்துத் திருமலையில் பாறையில் செதுக்கப்பட்ட நேமிநாதர் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நிற்கின்றார். பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் உள்ளன. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்களுடன், 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் தொன்மையான கல்வெட்டும் உள்ளது. ஒரு வேளை உணவு தாழ்ந்தால் பொறுக்க மாட்டாத நாம், அக்கல்வெட்டின் அருகில் சிறிது நேரம் அமர்ந்திருத்தல் நலம். கோடையில் பாறை சுடும். விடியலில் ஏறி வெயில் ஏறுமுன் இறங்குக. நெகிழிப் பைகளையும் காகிதக் குவளைகளையும் அங்கே விட்டு வருதல் பெரும்பிழை.

இவ்வாண்டு விடுமுறையில் எம் குடும்பம் மீண்டும் புறப்பட்டது. அதே வேன், அதே பதினாறு பேர். புறப்படுமுன் ஜினாலயத்தில் அமர்ந்து நியமம் உரைத்தோம். நேரத்தை நினைவூட்டும் பொறுப்பை, சென்ற ஆண்டு வினவிய அப்பேர்த்தியிடமே ஒப்படைத்தோம். மாலை நாலரை மணிக்கு அவள் எழுந்து நின்று, "பாட்டிக்கு நேரமாயிற்று" என்றாள். இளைஞர் சிலர் முணுமுணுத்தனர். சாலையோரப் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து கொணர்ந்த இட்டலியையும் எலுமிச்சைச் சோற்றையும் பிரித்தோம். வடிகட்டிய நீரை முதலில் அன்னையாருக்குக் கொடுத்தாள் குழந்தை. அவர் உண்ணத் தொடங்கியபின் மற்றையோர் உண்டோம். ஐந்தே காலுக்கு முடிந்துவிட்டது. அதன்பின் கடற்கரைக்குச் சென்று, இருள் சூழும்வரை அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முணுமுணுத்த இளைஞர்களே எழுந்துவர மனமின்றி அமர்ந்திருந்தனர். கடல் எங்கும் போய்விடவில்லை. கதிரவன்தான் காத்திருக்க மாட்டான்.

செலவு சென்ற ஆண்டினும் பாதிக்கும் குறைவு. அன்னையாருக்கு வேறொன்றும் வாங்கித் தரவில்லை. வீடு திரும்பியதும் அவர், "இன்று நன்றாக இருந்தது" என்று மட்டும் கூறிப் படுக்கச் சென்றார்.

பெரியோர்களே, தாய்மார்களே! அடுத்த விடுமுறையில் உங்கள் வண்டியிலும் ஒரு முதியவர் இருப்பார். ஒரு குழந்தையும் இருக்கும். முதியவர் ஒருகால் வாய்திறந்து கேட்கமாட்டார். குழந்தையோ கேட்கும். அன்று பொய்யுரைக்க நேராதபடி நம் நியமம் நம்மைக் காக்கட்டும். யானையும் குதிரையும் இருக்கட்டும். உரிய நேரத்தில் ஒரு குவளைக் கரும்புச்சாற்றை ஏந்தி நிற்கும் அறிவை அருகன் திருவருள் நமக்கு அளிப்பதாக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!